மேக்னம் ரைபிள் வாங்கும் முன்: தூர வேட்டைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வேலைக்குப் போகிற பிள்ளைகளில் சிலர், போன இரண்டாம் வருடமே வேட்டையில் இறங்கிவிடுகிறார்கள். கூட வேலை செய்கிறவர் மான்கறி கொண்டுவந்து கொடுப்பார். அப்புறம் ஒரு சனி, ஞாயிறு மலைக்குக் கூப்பிடுவார். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு மாட்டுப்பண்ணையில் பால் கறக்கும் கொட்டகையில் வேலை பார்த்தேன். பண்ணைக்குப் பின்னாலேயே மலை.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் தம்பிகள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, .300 வாங்கவா, 7 மி.மீ. வாங்கவா?" இரண்டும் குண்டின் விட்டத்தை வைத்து வந்த தோட்டாப் பெயர்கள், .300 என்பது அங்குலக் கணக்கு. கேள்வி தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். தோட்டாவின் பெயர் பாதிக்கு மேல்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம்

இந்தியாவில் வேட்டைக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. கவுதாரி, முயல், கொக்கு எதுவானாலும் குற்றம்தான். நம் கடலில் ஒரு காலத்தில் பிடித்துத் தின்ற ஆவுளியா, அதாவது கடற்பசு, இன்று அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் கண்மாய்களுக்கு வரும் பறவைகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆகவே இந்தக் கட்டுரையில் வேட்டை என்று வரும் இடமெல்லாம், அது சட்டப்படி நடக்கும் வெளிநாடுகளைத்தான் சொல்கிறேன்.

நியூசிலாந்தில் மான்கள் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டவை. அவற்றை அடித்துத் தின்ன அங்கே காட்டு விலங்கு எதுவும் இல்லாததால் பெருகி, காட்டின் அடித்தளிர்களைத் தின்று தீர்க்கின்றன. அதனால் அரசே வேட்டைக்கு அனுமதிக்கிறது. 16 வயது நிரம்பியவர் துப்பாக்கி உரிமம் கேட்கலாம். பாதுகாப்புப் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு, உங்களைத் தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள், துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் இடத்தை வந்து பார்ப்பார்கள். 2023 முதல் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அரசு வனங்களில் பெரும்பாலான பகுதிகளுக்கு வேட்டை அனுமதி இலவசம், இணையத்திலேயே கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெரிய வேட்டை என்றால் சாம்பார் மான். அது வேறு ஒன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கடமான், மிளா என்று சொல்கிறோமே, அதேதான். 1860களில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டது. அதைச் சுடக் குறைந்தது .270 அங்குல விட்டமும் 130 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) எடையும் உள்ள குண்டு வேண்டும் என்பது அந்த மாநில விதி.

அமெரிக்காவுக்கு எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். அந்த விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பது அங்குள்ள கூட்டாட்சிச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே உரிமம் கைக்கு வந்த பிறகுதான் நண்பரின் துப்பாக்கியைக்கூடத் தொட வேண்டும். மாநில விதிகள் இதற்கு மேல் தனியாக உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். விசாவை இழப்பதைவிட அது மலிவு.

இன்னொன்று. வேட்டைக்குக் கொண்டுபோன பையையே ஊர்ப்பயணத்துக்கு எடுத்து வராதீர்கள். ஓரப்பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், நம் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகிவிடும்.

மேக்னம் என்றால் என்ன

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். அதே விட்டமுள்ள குண்டுக்குப் பின்னால் பெரிய கூடும் கூடுதல் மருந்தும் வைத்தால் அதை மேக்னம் என்கிறார்கள். பெரிய மதுப்புட்டிக்கு இருந்த பெயரைத் துப்பாக்கிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1912இல் இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கி நிறுவனம் கொண்டுவந்த .375 மேக்னத்தின் அடியில் ஒரு வளையப் பட்டை இருக்கும். பின்னால் வந்த பல மேக்னங்கள் அந்தக் கூட்டின் வழி வந்தவை. 7 மி.மீ. ரெமிங்டன், .300 வின்செஸ்டர் இரண்டின் அடியிலும் அந்தப் பட்டையைப் பார்க்கலாம்.

இதனால் கிடைப்பது வேகம். சாதாரண .308 தோட்டா 165 கிரெயின் குண்டை வினாடிக்கு 820 மீட்டர் போல அனுப்பும். .300 வின்செஸ்டர் மேக்னம் 180 கிரெயின் குண்டை 900 மீட்டரில் அனுப்பும். இந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை உதை, சத்தம், தோட்டாவின் காசு, சீக்கிரம் தேயும் குழல். .308இன் குழல் ஐயாயிரம் தோட்டாவைத் தாங்கும் என்றால் .300இன் குழல் 1,500 முதல் 2,500 வரைதான் நல்ல குறி காட்டும்.

காற்று

தூர வேட்டையில் குறி தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் தோட்டாவின் பலக்குறைவு அல்ல, காற்று. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

வேட்டை தொடங்கிய மூன்றாம் வருடம். கையில் புதிய .300. ஒரு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் செம்மான் பெட்டை ஒன்று, தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கருவியில் 430 மீட்டர். நான் படுத்திருந்த இடத்தில் காற்றே இல்லை. நேராக வைத்துச் சுட்டேன். குண்டு தொடையில் பட்டது. பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச்சரிவில் ஏறி, ரத்தத் தடம் பார்த்து அதைக் கண்டுபிடித்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த உயிர் அவ்வளவு நேரம் வலியோடு கிடந்தது என் கையால். நான் இருந்த மேட்டில் காற்று இல்லை, நடுப்பள்ளத்தில் ஓடைவாக்கில் நன்றாக வீசிக்கொண்டிருந்தது. எதிர்ச்சரிவின் புல் சாய்ந்திருந்ததைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் வள்ளத்தில் போய் வளர்ந்தவர். "கரையில காத்து இல்லன்னா தொழிலுக்குக் கெளம்பிருவோமா? தூரத்துல தண்ணி கறுத்துக் கெடக்கான்னு பாத்துட்டுத்தான போவோம்?" என்றார். காற்று அடிக்கும் இடத்தில் தண்ணீர் மேல் சிற்றலை எழும்பி நிறம் கறுத்துத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம். மலையில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கணக்காகவும் பார்ப்போம். 200 கிரெயின் குண்டுள்ள .300 வின்செஸ்டர் மேக்னம், 500 மீட்டர் தூரம், பக்கத்திலிருந்து மணிக்கு 16 கி.மீ. காற்று. குண்டு ஏறத்தாழ ஒரு முழம், அதாவது 45 செ.மீ., ஒதுங்கும். அதே இடத்தில் .308 என்றால் 55 செ.மீ. பக்கம் ஒதுங்கும். ஆக, மேக்னம் வாங்கி நாம் மிச்சப்படுத்தியது பத்துப் பன்னிரண்டு செ.மீ. இப்போது 24 கி.மீ. காற்றை 16 என்று நினைத்துச் சுட்டால் பிழை எவ்வளவு? மேக்னத்திலும் 22 செ.மீ. மிச்சப்பட்டதைப்போல இரண்டு மடங்கைக் கண்ணின் தவறு தின்றுவிட்டது. மானின் நெஞ்சில் நாம் குறிவைக்கும் உயிர்நிலைப் பகுதியே 20 முதல் 25 செ.மீ. அகலம்தான்.

நம் கரைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அமைதியாகக் கிடப்பதைப் பார்த்தவர்கள். ஒரே காற்று இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவை எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பயணத்துக்கு முன் ஊரில் இருக்கும்போதே இதைப் பழகலாம். காற்று வேகம் காட்டும் சிறு கைக்கருவி ஒன்று வாங்கிக்கொண்டு அரியமானுக்கோ தனுஷ்கோடிக்கோ போங்கள். முதலில் ஊகியுங்கள், பிறகு அளந்து பாருங்கள். முகத்தில் காற்று படுவது தெரிந்து இலை சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கி.மீ. இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடி, கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைத்தலை வெளுத்தால் 12 முதல் 19. புழுதி எழும்பி, கடல் முழுக்க வெள்ளை நுரை தெரிந்தால் 20ஐத் தாண்டிவிட்டது. ஒரு மாதம் தினம் பத்து முறை ஊகித்துப் பாருங்கள், உங்கள் ஊகம் அளவுக்கு நெருங்கி வரும்.

திசையும் முக்கியம். நேர் குறுக்காக வரும் காற்றுக்கு முழுக் கணக்கு. சுடும் திசைக்கு 30 பாகை சாய்வாக வந்தால் பாதி. 45 பாகை என்றால் ஏறத்தாழ முக்கால்பங்கு. முன்னாலோ பின்னாலோ நேராக வந்தால் வேட்டைத் தூரத்தில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பாய் விரித்து வள்ளம் ஓட்டியவருக்கு இது புதிதல்ல.

மலையில் மூன்று இடத்துக் காற்றைப் பாருங்கள்: நீங்கள் இருக்கும் இடம், நடுப்பள்ளம், விலங்கு நிற்கும் இடம். மூன்றும் மூன்று திசையாக இருந்தால் சுடாதீர்கள். கிட்டே போங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

உங்கள் தூரம் எவ்வளவு

தட்டு ஒன்றை வையுங்கள், 20 செ.மீ. விட்டம். மலையில் சுடும் நிலையிலேயே, அதாவது முதுகுப்பை மேல் ரைபிளை வைத்துப் படுத்தோ உட்கார்ந்தோ சுட வேண்டும். பெஞ்சு மேல் மணல்மூட்டை வைத்துச் சுட்டது கணக்கில் சேராது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு காற்றில், அன்றைய முதல் தோட்டாவை மட்டும் எண்ணுங்கள். பத்துக்குப் பத்தும் எந்தத் தூரம் வரை பட்டதோ, அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். புதியவர்களுக்கு அது பெரும்பாலும் 200 மீட்டரில் நிற்கும். என்னுடையது இன்று 400. அதற்கு மேல் நான் சுடுவதில்லை, கையில் இருக்கும் தோட்டா 650 மீட்டர் வரை போதும் என்றாலும்.

கண்ணால் தூரம் மதிப்பிடுவதை நம்ப வேண்டாம். திறந்த நீர்ப்பரப்புக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் படகு எப்போதும் கிட்டேதான் தெரியும். பள்ளத்தாக்குக்கு அப்பால் நிற்கும் மானும் அப்படித்தான். 500 மீட்டரில் 25 மீட்டர் தப்பாக மதிப்பிட்டால் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே போகும். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் கட்டாயம். மேட்டிலோ பள்ளத்திலோ சுடும்போது கிடைத்தளத் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 30 பாகைச் சரிவில் 400 மீட்டர் என்றால் 346 மீட்டருக்கான ஏற்றம் போதும். நல்ல கருவிகள் இதைத் தாமே கணக்கிட்டுக் காட்டும்.

இப்போது தோட்டா

உங்கள் தூரம் 300 மீட்டருக்குள் என்றால் மேக்னம் வேண்டவே வேண்டாம். .308, 6.5 கிரீட்மூர், 1906இலிருந்து இன்றுவரை கடைகளில் கிடைக்கும் .30-06, இவற்றில் எதுவும் செம்மானுக்குப் போதும். முதல் ரைபிளை இந்த மூன்றில் ஒன்றாக வாங்குங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. உதை குறைவு, தோட்டா மலிவு, அதனால் நிறையச் சுட்டுப் பழகலாம்.

மேக்னத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. வேட்டைக் குண்டு விலங்கின் உடலுக்குள் போய் விரிய வேண்டும். விரிந்தால்தான் உயிர் உடனே போகும். அதற்குப் பட்ட இடத்தில் குறைந்தது வினாடிக்கு 550 மீட்டர் போல வேகம் மிச்சம் இருக்க வேண்டும். முழுச் செம்புக் குண்டுகளுக்கு இன்னும் கூடுதலாக, 600 பக்கம். .308 அந்த எல்லையை 500 மீட்டர் வாக்கில் தொட்டுவிடும். .300 வின்செஸ்டர் 650 வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே 400, 500 மீட்டரில் பெரிய உடம்புள்ள விலங்கைத் தேடிப் போகிறவருக்குத்தான் மேக்னம். அமெரிக்காவின் எல்க் என்ற பெரிய மான், நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலையில் தார் ஆடு. இமயமலையைச் சேர்ந்த இந்த தார் 1904இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்டது, பார்த்தால் நம் வரையாட்டின் உறவுக்காரன் போலத் தெரியும். செங்குத்துப் பாறையில் நிற்கும் அதைப் பெரும்பாலும் பள்ளத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் சுட முடியும்.

என் வரிசை இது. முதலாவது 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 1962இல் வந்தது. 160 முதல் 175 கிரெயின் குண்டு. .300ஐவிட உதை குறைவு, காற்றில் கிட்டத்தட்ட அதே நடத்தை. சின்ன உடம்புக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டாவது .300 வின்செஸ்டர் மேக்னம், 1963. 180 முதல் 200 கிரெயின். எல்க் போன்ற பெரிய விலங்குக்கு இதுவே நல்லது. இரண்டுக்குமே அறுபது வருடத்துக்கு மேலான பெயர் இருப்பதால் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். அது சின்ன விஷயமல்ல. வேட்டைக்குக் கிளம்பிய இடத்தில் தோட்டாப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிய தலைமுறையில் 2018இல் வந்த 6.5 பி.ஆர்.சி. (பிரிசிஷன் ரைபிள் கார்ட்ரிட்ஜ்), .300 பி.ஆர்.சி., 2022இல் வந்த 7 மி.மீ. பி.ஆர்.சி. ஆகியவை நீளமான, காற்றை நன்றாகக் கிழிக்கும் குண்டுகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பட்டை வளையம் இல்லை. நன்றாகவே இருக்கின்றன. இன்று புதிதாக வாங்கினால் 7 மி.மீ. பி.ஆர்.சி.யை மறுக்க எனக்குக் காரணமில்லை. உங்கள் ஊர்க் கடையில் அதன் தோட்டா மூன்று நான்கு வகையாவது அடுக்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

.338 லாபுவா மேக்னம் பெயரைக் கேட்டு மயங்குகிறவர்கள் உண்டு. ராணுவத் தூரச்சூட்டுக்காக உருவானது அது. மானுக்கு அது தேவையே இல்லை. அதன் கனத்தையும் உதையையும் சுமந்துகொண்டு மலை ஏறிப் பழக ஒரு புதியவரால் முடியாது.

குண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே ரைபிளுக்கு மூன்று நான்கு வகைத் தோட்டா வாங்கி, எது மூன்று தோட்டாவும் நெருங்கி விழுகிறதோ அதையே பெட்டிகணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இலக்குச் சுடும் போட்டிக்கென்று செய்த குண்டை வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே போய் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

ரைபிள்

கையால் இழுத்துப் பூட்டும் போல்ட் வகைதான். பின்லாந்தின் டிக்கா, ஜப்பானின் ஹோவா, ஸ்பெயினின் பெர்காரா மூன்றும் நடுத்தர விலையில் நம்பிக்கையானவை. இன்ன பெயர் என்று சண்டை போட ஒன்றுமில்லை. இவற்றைப் பாருங்கள்:

குழல் நீளம் 61 முதல் 66 செ.மீ. குட்டைக் குழலில் மேக்னத்தின் மருந்து முழுவதும் எரியாமல் வேகம் போய்விடும், சத்தமும் நெருப்பும்தான் மிஞ்சும். குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகளின் முறுக்கையும் கேளுங்கள். பழைய 7 மி.மீ. ரெமிங்டன் குழல்களில் ஒன்பதேகால், ஒன்பதரை அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். இன்றைய மிக நீளமான குண்டுகளுக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். பொருந்தாவிட்டால் குண்டு பறக்கையில் தள்ளாடும்.

எடை ஸ்கோப்புடன் சேர்த்து 4 முதல் 4.5 கிலோ. மலை ஏறத்தானே என்று 3 கிலோவுக்குக் கீழே மேக்னம் வாங்காதீர்கள். நான் அப்படி ஒரு பழைய ரைபிளைத் தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது தோட்டாவுக்குள் உடம்பு தானாகக் கண்ணை மூடப் பழகிவிட்டது.

தோளில் பதியும் கட்டையின் நீளத்தை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. அந்த ஊர்க் கட்டைகள் ஆறடி ஆளுக்கு அளவெடுத்தவை. முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். விரல் வலிக்க நீட்டாமல் விசையைத் தொட வேண்டும். நீளம் அதிகம் என்றால் கடையிலேயே குறைத்துத் தருவார்கள்.

துருப்பிடிக்காத எஃகுக் குழல், பிளாஸ்டிக் கட்டை வாங்குங்கள். உப்புக்காற்று அவுட்போர்டு எந்திரத்தை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். மலை மழையும் கைவியர்வையும் அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

குழல் முனையில் பூட்டும் பிரேக் உதையை நன்றாகக் குறைக்கும், ஆனால் சத்தத்தைப் பக்கத்தில் இருப்பவர் காதில் கொட்டும். நியூசிலாந்தில் சத்தம் குறைக்கும் சைலன்சர் சட்டப்படியே கிடைக்கும். உதையையும் சேர்த்துக் குறைக்கும், வாங்கிவிடுங்கள். மற்ற நாடுகளில் விதி வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்

ரைபிளுக்குக் கொடுத்த காசுக்குக் குறையாமல் ஸ்கோப்புக்கு ஒதுக்குங்கள். 4 முதல் 16 மடங்கு பெரிதாக்குவது போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதையில் ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். மில் அளவில் திருகும் ஸ்கோப்பை எடுங்கள். ஒரு சொடுக்கு 0.1 மில், 100 மீட்டரில் 1 செ.மீ., 500 மீட்டரில் 5 செ.மீ. மீட்டரில் கணக்குப் போடும் நமக்கு அதுவே எளிது.

200 மீட்டரில் சீரோ செய்யுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருகி வையுங்கள். .300இல் அப்படிச் செய்தால் 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் கீழே போகும், 500இல் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். பெட்டியில் அச்சிட்ட அட்டவணையை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் நீங்களே சுட்டுப் பார்த்து, எத்தனை சொடுக்கு என்று ஒரு சீட்டில் எழுதி ரைபிள் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வண்டியில் குலுங்கிய பிறகும், விமானத்தில் வந்த பிறகும் ஒரு தோட்டா சுட்டு சீரோவைச் சரிபார்க்காமல் மலை ஏறக் கூடாது.

உதையும் பழக்கமும்

.300இன் உதை .308ஐப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அது தோளைவிட மனத்தைத்தான் முதலில் கெடுக்கும். வெடிக்கப் போகிறது என்று நினைத்த நொடியில் கை இறுகும், குழல் கீழே சாயும். இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. நண்பரிடம் ரைபிளைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டா ஏற்றித் தரச் சொல்லுங்கள். வெடிக்காத சமயத்தில் குழல் துள்ளினால், துள்ளியது நீங்கள்தான்.

இதற்குத் தீர்வு, .22 சிறு ரைபிளில் நூற்றுக்கணக்கில் சுடுவது. வீட்டில் காலி ரைபிளில் விசை இழுத்துப் பழகுவது. மேக்னத்தில் ஒரு நாளைக்கு இருபது தோட்டாவுக்கு மேல் வேண்டாம். காதுக்குள் நுரையடைப்பான், அதன் மேல் மூடி, இரண்டும் போடுங்கள். ஒரே ஒரு மேக்னம் வெடி காதில் வாழ்நாள் முழுக்க நிற்கும் ரீங்காரத்தை விட்டுப் போகலாம்.

இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள் என்றால் காற்றுத்துப்பாக்கியில் தொடங்கலாம். 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத வகைக்கு உரிமம் தேவையில்லை. வீட்டு மாடியில் பின்னால் கெட்டியான தடுப்பு வைத்து, 10 மீட்டரில் காகித இலக்கு. மூச்சை விட்டு நிறுத்துவது, விசையை மெல்ல அழுத்துவது, சுட்ட பிறகும் தலையைத் தூக்காமல் இருப்பது, எல்லாம் இதிலேயே வரும். காகிதத்தை மட்டும் சுடுங்கள். புறாவையோ கொக்கையோ நோக்கித் திருப்பினால் முதலில் சொன்ன சட்டம் வரும்.

மலையில்

நீங்கள் பார்ப்பது மான்தான், மனிதன் அல்ல என்று துளி சந்தேகமும் இல்லாமல் தெரிந்த பிறகே விரல் விசைக்குப் போகலாம். நியூசிலாந்தின் பாதுகாப்பு விதிகளில் இது ஒன்று. நிறத்தை வைத்தோ அசைவை வைத்தோ சத்தத்தை வைத்தோ முடிவு செய்யக் கூடாது. ஸ்கோப் வழியாகத் தேடவும் கூடாது. தேடுவதற்குப் பைனாகுலர். விலங்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வானத்தை ஒட்டிய மேட்டில் நிற்கும் மானைச் சுட்டால் தப்பிய குண்டு கிலோமீட்டர்கணக்கில் போகும். மேக்னத்தில் அது இன்னும் தூரம்.

சுட்டவுடன் எழுந்து ஓடாதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டிருங்கள். விலங்கு விழுந்த இடத்தையும், அதற்குப் பக்கத்தில் உள்ள பாறையையோ தனிமரத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுத்திருந்த இடத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு இறங்குங்கள். பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறியதும் எல்லாப் புதரும் ஒரே மாதிரி தெரியும். அப்போது திரும்பிப் பார்த்தால் அந்தத் துணியை வைத்துத்தான் எந்தக் கோட்டில் தேட வேண்டும் என்று தெரியும்.